குறைத்த எடை திரும்பி வராமல் இருக்க: மருந்துக்கடைத் தராசடியில் கேட்ட கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு சின்ன டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வாசலில் ஒரு தராசு நிற்கிறது. ஏறிப் பார்க்கக் காசு கிடையாது. அதனால் மருந்து வாங்க வருகிறவர்களைவிட எடை பார்க்க வருகிறவர்கள் கூட. பார்த்துவிட்டுச் சும்மாவும் போகமாட்டார்கள், ஏதாவது கேட்பார்கள். ஆரம்பத்தில் 'எப்படிக் குறைக்கிறது' என்று கேட்டார்கள். இப்போது வருகிற பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு தடவை குறைத்து, அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டவர்கள். ஒரே பதிலை நாளுக்கு நாலு தரம் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைத்தேன்.

நான் டாக்டர் இல்லை. 86 கிலோவிலிருந்து 71-க்கு இறங்கி, ஏழு வருடமாக அந்த அக்கம்பக்கத்தில் நிற்கிறவன். நடுவில் ஒரு தரம் சறுக்கினேன், அதையும் சொல்கிறேன்.

அண்ணே, 9 கிலோ குறைச்சேன். ஒரு வருஷத்துல 7 கிலோ திரும்ப வந்திருச்சு. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா?

மனக்கட்டுப்பாடு இல்லாதவர் முதலில் அந்த 9 கிலோவைக் குறைத்திருக்கவே மாட்டார். எடை இறங்கியதும் உடம்பு இரண்டு பக்கமும் இழுக்கும். ஒன்று, செலவைக் குறைத்துக்கொள்ளும்: குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரை குறைவாக எரிக்கும். மற்றது, பசியைக் கூட்டும்: ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 100 கலோரி அதிகமாகக் கேட்கும். 9 கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு சாப்பிட்டதைவிடக் குறைவாகச் சாப்பிட வேண்டிய ஆளுக்கு, முன்பைவிட அகோரப் பசி.

பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. 2011-ல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், எடை குறைத்து ஒரு வருடம் கழித்தும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1973, 74-ல் தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்குகூடக் கிடைக்காமல் கிடந்ததை எங்கள் அப்பா சொல்வார். அந்த மாதிரிக் காலங்களைத் தாண்டி வந்த உடம்பு இது. எடை இறங்கினால், 'ஐயோ, அரிசி வரவில்லை போல' என்றுதான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று அதற்கு யார் சொல்வது?

அப்போ எத்தனை நாளைக்கு இப்படிக் கவனமா இருக்கணும்?

பொய் சொல்லமாட்டேன். எப்போதும்தான்.

ஆனால் முதல் வருடம் இருந்த கஷ்டம் ஐந்தாம் வருடம் இருக்காது. இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவர்களுக்குத் திரும்ப ஏறும் ஆபத்து நன்றாகக் குறைகிறது. அதனால் எதை ஆரம்பிக்கும் முன்பும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: 'அடைமழையிலும், மாசக் கடைசியிலும், வீட்டில் ஆள் வந்திருக்கும்போதும் இதைச் செய்வேனா?' இல்லை என்றால் அது குறைக்க உதவும், நிறுத்தி வைக்க உதவாது. மூன்று மாதம் வெள்ளரிக்காயும் முட்டையும் தின்று குறைத்தவர்கள் எல்லோரும் நாலாம் மாதம் எங்கள் தராசில் ஏறி முகத்தைச் சுளித்திருக்கிறார்கள்.

எடையைத் திரும்ப ஏறவிடாம வச்சிருக்கிறவங்க அப்படி என்னதான் செய்யிறாங்க?

இதைத் தெரிந்துகொள்ளவே அமெரிக்காவில் 1994-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள். குறைந்தது 30 றாத்தல், அதாவது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருடமாவது அப்படியே வைத்திருப்பவர்கள் மட்டும் சேரலாம். 10,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். குறைத்த விதம் ஆளுக்கு ஆள் வேறு. தக்க வைத்த விதத்தில்தான் ஒற்றுமை: 78 சதவீதம் பேர் தினமும் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். 75 சதவீதம் பேர் கிழமைக்கு ஒரு தரமாவது எடை பார்க்கிறார்கள். 62 சதவீதம் பேர் கிழமைக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் குறைவாகத்தான் டிவி பார்க்கிறார்கள். 90 சதவீதம் பேர் நாளுக்குச் சராசரி ஒரு மணித்தியாலம் உடம்பை அசைக்கிறார்கள், பெரும்பாலும் நடைதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் ஜெயித்தவர்கள், தாங்களே முன்வந்து பேர் கொடுத்தவர்கள். காலையில் சாப்பிட்டதால்தான் ஜெயித்தார்கள் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் போன வழி தெரியாதவனுக்குப் போய் வந்தவன் சொல்வது உதவும்தானே.

தினமும் தராசுல ஏறணுமா? நேத்து 68, இன்னைக்கு 69.5. பைத்தியம் பிடிக்குது.

அந்த ஒன்றரைக் கிலோ கொழுப்பு இல்லை, தண்ணீர். ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் ஏறும். மலச்சிக்கல் இருந்தால் அதுவும் எடைதான். ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம்.

கிழமைக்கு ஒரு நாள் போதும். அதே நாள், அதே தராசு, காலையில் கக்கூஸ் போய்விட்டு, எதுவும் சாப்பிடாமல். கொப்பியில் எழுதுங்கள். நாலு கிழமை எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். எங்கள் கடைக்கு ஓர் அக்கா வருவார். செருப்பைக் கழற்றுவார், குடையைச் சுவரில் சாய்ப்பார், வளையல் ஆறையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைப்பார், மணிபர்ஸை என் கையில் தருவார். ஸ்வெட்டரை மட்டும் கழற்றமாட்டார். 'குளிருது தம்பி.' அந்த ஸ்வெட்டரை ஒரு நாள் தனியே நிறுத்துப் பார்த்தோம்: 700 கிராம். ஸ்வெட்டரோடு பார்க்கிறதென்றால் எப்போதும் ஸ்வெட்டரோடு பாருங்கள், அவ்வளவுதான்.

(நுவரெலியாவில் உயரம் கூட, அதனால் எடை குறைத்துக் காட்டுமா என்று ஒரு ஏ.எல். பையன் கேட்டான். காட்டும். 1,868 மீற்றரில் 70 கிலோ ஆளுக்குச் சில பத்துக் கிராம். ஒரு வாய் தேத்தண்ணி அளவு.)

அப்போ எவ்வளவு ஏறினா பயப்படணும்?

பயப்படத் தேவையில்லை, ஆனால் ஒரு கோடு போட்டு வையுங்கள். என் கோடு நிற்கிற எடைக்கு மேல் இரண்டரை, மூன்று கிலோ. மூன்று கிழமை தொடர்ந்து அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

என் சறுக்கல் இதுதான். இரண்டாம் வருடம் கடை வாசலுக்கு எதிரே ஒரு பேக்கரி திறந்தார்கள். பத்து மணிக்கு ஒரு மாலு பணிஸ், நாலு மணிக்கு ஒரு ரோல்ஸ். சின்னதுதானே என்று நினைத்தேன். 74 வந்தபோது தராசு பழுது என்றேன். 75-ல் பேட்டரி மாற்றினேன். 78-ல்தான் கொப்பியைத் திறந்தேன். மூன்று கிலோவை இறக்க ஒன்றரை மாதம் போதும். ஏழு கிலோவுக்கு எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

ரொட்டியும் சம்பலும் விட்டா நாங்க எதைச் சாப்பிடுறது?

விட வேண்டாம். அளவு தெரிந்து சாப்பிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ரொட்டிக்குப் பிடித்து வைத்த உருண்டை ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தேன். 140 கிராம். அதில் கோதுமை மா மட்டும் 80 கிராம் இருக்கும், மிச்சம் தேங்காய்ப்பூவும் தண்ணீரும். கணக்குப் பார்த்தால் ஒரு ரொட்டி 350 கலோரி. நான் காலையில் இரண்டும் ராத்திரி மூன்றும் தின்றுகொண்டிருந்தேன். ரொட்டி மட்டுமே 1,700-ஐத் தாண்டுகிறது. சம்பல் வேறு: 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறக்குறைய 350 கலோரி.

இப்போது உருண்டையைச் சிறிதாக்கிவிட்டோம், தட்டில் இரண்டுக்கு மேல் வராது. வயிறு நிறைவது ரொட்டியால் அல்ல, பக்கத்தில் இருப்பதால்: கெட்டிப் பருப்பு, ஒரு முட்டை, அல்லது சோயாமீட், ஒரு குவியல் கீரையோ கோவாவோ (முட்டைக்கோஸ்). புரதமும் நார்ச்சத்தும் இருந்தால் பசி தாமதமாக வரும், எடை குறையும்போது சதை கரைவதும் குறையும். கரட், லீக்ஸ், போஞ்சி, பீட்ரூட் எல்லாம் நம் கண்ணெதிரே விளைந்து லொறியேறிப் போகிறது. நம் தட்டில் ரொட்டிக்கு உருளைக்கிழங்குப் பிரட்டல். மாவுக்கு மாவே தொட்டுக்கொள்கிறோம். கருவாடு நல்ல புரதம்தான், ஆனால் பிரஷர் இருக்கிறவர்கள் ஊறவைத்துக் கழுவி, அளவோடு.

குரக்கன் ரொட்டினா எத்தனை வேணும்னாலும் சாப்பிடலாம்தானே? சிவப்பரிசியும்?

இல்லை. கிராமுக்குக் கிராம் கோதுமைக்கும் குரக்கனுக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. சிவப்பரிசியும் வெள்ளையரிசியும் அப்படித்தான். நார்ச்சத்து கூட என்பதால் குறைவாகவே வயிறு நிறையும், அதுதான் லாபம். ஐந்து குரக்கன் ரொட்டி சாப்பிட்டால் அந்த லாபமும் போச்சு.

தேத்தண்ணில சீனியைக் குறைச்சா என்ன பெரிசா மாறிடப் போகுது? நாளைக்கு அஞ்சு டம்ளர்தான் குடிக்கிறேன்.

ஐந்து டம்ளர், இரண்டு கரண்டி வீதம் பத்துக் கரண்டி. தட்டையாக எடுத்தாலே ஒரு தேக்கரண்டியில் 4 கிராம், நாம் எடுப்பதோ கும்பமாக. குறைத்து மதித்தாலும் நாளுக்கு 40, 50 கிராம் சீனி, 160 முதல் 200 கலோரி. உலக சுகாதார அமைப்பு, நாள் முழுதும் 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு மேலதிகச் சீனி 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. அந்த 50 உங்கள் டம்ளரிலேயே முடிந்துவிட்டது. பிஸ்கட், சோடா இனிமேல்தான். முதல் பதிலில் சொன்ன கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 8 கிலோ குறைத்தவரின் உடம்பு குறைத்துக்கொண்ட செலவும் கிட்டத்தட்ட இந்தளவுதான். தேத்தண்ணிச் சீனியை விட்டாலே அந்தப் பள்ளம் நிரம்பிவிடும்.

ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், ஓடிவிடுவீர்கள். இரண்டு கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். எங்கள் பாட்டி சீனியைக் கலக்கவே மாட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொள்வார், ஒரு நக்கு, ஒரு வாய் தேத்தண்ணி. கையில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதால் ஒரு கரண்டியிலேயே டம்ளர் முடிந்துவிடும். டின்பால் போட்ட டீயை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை, அது தனிக் கதை. சீனி இல்லாத பிளேன்டீயில் கலோரி என்று சொல்ல ஒன்றும் இல்லை. உலகமே காசு கொடுத்து வாங்கிக் குடிக்கும் கொழுந்து நம் மலையில் இருக்கிறது. அதன் ருசியை ஒரு தரமாவது சீனி இல்லாமல் பாருங்கள்.

காலைச் சாப்பாட்டை விட்டா சீக்கிரம் குறையுமே?

சிலருக்குக் குறையும். ஆனால் விடிய ஐந்தரைக்கு வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போகிறவர், பத்து மணிக்குக் கையில் கிடைத்ததை எல்லாம் தின்பார். அது வடையாகவோ பணிஸாகவோதான் இருக்கும். காலையில் விட்டதைப் பத்து மணிக்கு வட்டியோடு கட்டுகிறவர் நீங்கள் என்றால், விடாதீர்கள். பதினொன்று வரை பசிக்காத ஆள் என்றால் கட்டாயப்படுத்தி ஊட்டவும் வேண்டாம்.

நாள் முழுக்க மலையில கொழுந்து எடுக்கிறேன். கூடையைச் சுமந்து ஏறி இறங்குறேன். இதுக்கு மேல உடற்பயிற்சியா?

உங்களுக்கு வேண்டாம் அக்கா. மேட்டில் ஏழெட்டு மணித்தியாலம் நிற்பதே பெரிய உழைப்பு. அப்படியும் ஏறுகிறதென்றால் வரவு செலவை மிஞ்சுகிறது. சீனித் தேத்தண்ணியும் ரொட்டியும் எவ்வளவு என்று மேலே சொன்ன பதில்களைப் பாருங்கள். இடுப்பைச் சுற்றி ஒரு நூலையும் கட்டிப் பாருங்கள். நம் பக்கத்து ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே சீனி வியாதி பிடிக்கும். தெற்காசியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்றிமீற்றருக்கு மேல் இடுப்பு போனால் கவனம் என்கிறார்கள். உயரத்தைக் கணக்கில் எடுக்கும் பி.எம்.ஐ. எண்ணும் மற்ற நாட்டவருக்கு 25-ல் எச்சரிக்கை என்றால், ஆசியருக்கு 23-லேயே.

நான் அதிகம் கவலைப்படுவது வேறு இரண்டு வகை ஆட்களைப் பற்றி. பேர் வெட்டி, அதாவது தோட்ட வேலையிலிருந்து நின்று, சேவைக்காலப் பணம் வாங்கி வீட்டில் உட்கார்ந்தவர்கள் ஒன்று. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்து கொழும்பில் கடையிலோ ஒபிஸிலோ வேலைக்குப் போன பிள்ளைகள் மற்றது. கால் நின்றுவிட்டது, தட்டு நிற்கவில்லை. மலைக்குப் போன காலத்து அதே அளவுச் சோறு. இவர்கள் நடந்தே ஆக வேண்டும். பொதுவாகக் கிழமைக்கு 150 நிமிடம் என்பார்கள். குறைத்த எடையைப் பிடித்து வைக்க அது போதாது, 200 முதல் 300 நிமிடம் வேண்டும். கிழமையில் ஆறு நாள், நாளுக்கு முக்கால் மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்துவிட்டோம் என்று தின்றுவிடவும் கூடாது. 70 கிலோ ஆள் சமதரையில் ஒரு கிலோமீற்றர் நடந்தால் எரிவது 50 கலோரி அளவுதான்.

வருஷத்துக்கு ஒரு தரம் சிவனொளிபாதமலை ஏறுறேனே?

நல்லதண்ணி வழியாக 5,000 படிக்கு மேல். புண்ணியம் உண்டு. எடைக் கணக்கில் அது ஒரு நாள்.

மழைக்காலம் வந்தா விடாது. அட்டை வேற. எங்க போய் நடக்கிறது?

உள்ளேதான். மே தொடங்கி எங்கள் பக்கம் பெய்தால் வானம் கிழிந்த மாதிரி. அந்த மாதங்களில்தான் என் கொப்பியில் எண் ஏறும், அதனால் மழைக்கென்று தனி ஏற்பாடு வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் பதினாறு படி இருக்கிறது. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் ஏறி இறங்குவேன். கதிரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழும்புவது, பதினைந்து தரம், மூன்று சுற்று. இரண்டு தண்ணிப் போத்தலைத் தூக்கி இறக்குவது. சதையைக் காப்பாற்ற இந்த மாதிரிப் பளு வேலை கிழமைக்கு இரண்டு நாளாவது வேண்டும், வெயில் காலத்திலும்.

முட்டி வலிக்கிறவர்கள் இறக்கத்தைத் தவிருங்கள், ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியை வாட்டும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு கிலோ குறைந்தால், வைக்கிற ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது.

வீட்டுல எனக்கு மட்டும் தனியா சமைக்க முடியுமா? மாமியார் என்ன நினைப்பாங்க?

தனிச் சமையல் ஒரு மாதம்கூட நிற்காது. இரண்டாம் கேள்வியின் சோதனையில் அது தோற்றுவிடும். ஒரே சமையல், வேறு பங்கு. முதலில் மரக்கறியும் பருப்பும் தட்டில் வைத்து, கடைசியில் சோறு போடுங்கள். சோறு முதலில் விழுந்தால் மலையாகத்தான் விழும். சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள், அடுப்படியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எண்ணெயை மட்டும் வீட்டுக்கே சேர்த்துக் குறைக்கலாம்: ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. தாளிக்கும்போது போத்தலைச் சாய்க்காமல் கரண்டியால் எடுத்தால் மாமியாருக்குத் தெரியவே போவதில்லை.

தீபாவளி, தோட்டத்துத் திருவிழா, கல்யாண வீடு. இதெல்லாம் வந்தா என்ன செய்ய?

சாப்பிடுங்கள். வருடத்தில் பத்து நாள் யாரையும் கெடுத்ததில்லை. தீபாவளிக்கு வாங்கிய முறுக்கும் பலகாரமும் டின்னில் கிடந்து அடுத்த பத்து நாள் தேத்தண்ணியோடு போவதுதான் கெடுக்கிறது. எங்கள் வீட்டில் மறுநாளே பக்கத்து வீடுகளுக்குப் பகிர்ந்துவிடுவோம். நல்ல பேரும் வரும்.

'சனி ஞாயிறு மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்' என்பது வேறு விஷயம். அது வருடத்தில் 104 நாள். அந்தப் பதிவேட்டிலும், கிழமை நாளில் ஒரு மாதிரி, லீவு நாளில் ஒரு மாதிரிச் சாப்பிட்டவர்களைவிட ஏழு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சாப்பிட்டவர்கள்தான் எடையை நன்றாக வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை ஒரு கால் போத்தல் அடிப்பேன். சாராயத்துல கொழுப்பு இல்லையே?

கொழுப்பு இல்லை. ஆனால் அற்ககோல் கிராமுக்கு 7 கலோரி, சீனியைவிடக் கூட. 180 மில்லி சாராயத்தில் 300 கலோரிக்கு மேல். கூடவே போகும் பைட்ஸும், அதற்குப் பிறகு கடையில் வாங்கும் கொத்து ரொட்டியும்தான் பெரிய செலவு. குடித்துவிட்டு அரைக் கொத்து வாங்கினவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

எடை குறைஞ்சதும் எல்லாரும் 'என்ன வத்திப் போயிட்ட, சீனி வியாதியா?'ன்னு கேக்குறாங்க. கேட்டுக் கேட்டு மறுபடி சாப்பிட ஆரம்பிச்சுட்டேன்.

இந்தக் கேள்விக்கு எந்த ஆய்விலும் பதில் இல்லை, ஆனால் நம் ஊரில் எடை திரும்ப ஏறுவதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பசி தெரிந்த சனங்கள் நாம். கன்னம் ஒட்டினால் நோய், இல்லாவிட்டால் கஷ்டம் என்றுதான் கண் படிக்கும். என்னை ஒரு பெரியவர் தனியே கூப்பிட்டு, 'கடையில கடன் ஏதும் ஆகிருச்சாப்பா?' என்றே கேட்டார்.

ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது, 'பிரஷர் இறங்கிருச்சு ஐயா, டாக்டர் இப்படியே இருன்னுட்டார்.' டாக்டர் பேரைச் சொன்னால் யாரும் அதற்கு மேல் பேசுவதில்லை. ஆறு மாதம் போனால் புது முகம் அவர்களுக்குப் பழகிவிடும்.

எலுமிச்சையும் தேனும், கொள்ளுத் தண்ணி, ஸ்லிம்மிங் டீ. இதெல்லாம் எடையை நிறுத்தி வைக்குமா?

ஒரு மேசைக்கரண்டி தேன் 60 கலோரி. சுடுதண்ணியில் கரைத்தால் அது மறைந்துபோகாது. கொள்ளை அவித்துக் கறியாகத் தின்றால் நல்ல புரதம், அதன் தண்ணிக்குக் கொழுப்பைக் கரைக்கிற சக்தி இல்லை.

ஸ்லிம்மிங் டீ பலவற்றில் சென்னா என்கிற பேதி இலை இருக்கும். போவது தண்ணீர், மறுநாள் திரும்பும். முகநூலில் விற்கிற மாத்திரைகள் அதைவிடப் பயம். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து என்று 2010-ல் பல நாடுகள் நிறுத்திய சிபுட்ரமின், 'மூலிகை' என்று பேர் போட்ட பொருட்களில் கலந்து பிடிபட்டிருக்கிறது. மருந்துக்கடைக்காரன் சொல்கிறேன்: லேபலில் என்ன இருக்கிறதென்று எழுதாத எதையும் வாயில் போடாதீர்கள்.

இப்ப ஊசி ஒண்ணு வந்திருக்காமே. அதைப் போட்டுக் குறைச்சிட்டு நிறுத்திடலாம்தானே?

செமாக்ளுடைட் பற்றிக் கேட்கிறீர்கள். டாக்டர் சீட்டில்லாமல் எடுக்கக்கூடாத மருந்து. பசியைக் குறைக்கும், எடையும் நன்றாகக் குறையும். ஆனால் ஓர் ஆய்வில் ஊசியை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஊசி பிடித்து வைத்திருந்த பசி முதல் பதிலில் சொன்ன அதே பசிதான். நிறுத்தினதும் அது வரும். எடுக்கிறவர்கள் எத்தனை காலத்துக்கு என்பதையும் செலவையும் டாக்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஸ்டோர்ல ராத்திரி வேலை. அந்தக் கிழமையெல்லாம் கண்டபடி பசிக்குது.

தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் எண்ணெய்க்கும். ராத்திரி வேலைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு பார்சல் கட்டிக்கொண்டு போங்கள், முட்டையோ அவித்த கடலையோ. இரண்டு மணித் தேத்தண்ணிக்குச் சீனி போடாதீர்கள். பகலில் அறையை இருட்டாக்கி ஆறேழு மணித்தியாலமாவது தூங்கப் பாருங்கள். லயத்தில் பகலில் அது லேசில்லை என்று எனக்கும் தெரியும்.

சீனிக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுறேன். எடை குறைஞ்சிருச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் எடை குறைந்ததைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். பழைய எடைக்குக் கொடுத்த அளவு புது எடைக்கு அதிகமாகி, சீனி திடீரென்று இறங்கிக் கை நடுங்கி வேர்க்கலாம். மருந்தைக் குறைக்க வேண்டியிருக்கும், அதை டாக்டர் செய்யட்டும். மறுபக்கமும் உண்டு: இன்சுலின், ஸ்டெரொய்ட், சில மனநல மருந்துகள் எடையை ஏற்றும். மருந்து மாறின மாதத்திலிருந்து ஏறத் தொடங்கினால் அந்தத் தேதியைக் கொப்பியில் குறித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எதுவும் தெரியாதவர்கள், 35 வயதைத் தாண்டியிருந்தால், அரசாங்க ஆஸ்பத்திரியில் உள்ள ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டருக்குப் போகலாம். எடை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள்.

எல்லாம் திரும்பி வந்திருச்சு. மறுபடியும் முதல்லயிருந்தா?

முதலிலிருந்து இல்லை. எது உங்களுக்கு நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது தெரியும்தானே. இந்தத் தடவை முழுதாகக் குறைக்கவும் வேண்டாம். எடையில் நூற்றுக்கு ஐந்து, ஏழு குறைந்தாலே பலன் பெரிது. அமெரிக்காவில் 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 7 சதவீதம் எடை குறைப்பையும் கிழமைக்கு 150 நிமிட அசைவையும் இலக்காக வைத்தவர்களுக்குச் சீனி வியாதி வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ ஆளுக்கு அது ஐந்தரைக் கிலோதான். அதைக் குறையுங்கள், அங்கேயே ஆறு மாதம் நில்லுங்கள். நிற்பதும் ஒரு வேலை. மேலும் இறங்குவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

எங்க அம்மாவுக்கு 71 வயசு. ஒண்ணும் செய்யாமலே ஆறு மாசத்துல 5 கிலோ குறைஞ்சிருக்கு. நல்லதுதானே அண்ணே?

இல்லை. இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் அவருக்குச் செய்ய வேண்டாம். முயற்சி செய்யாமல், ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். சீனி வியாதி, காசநோய், தைரொயிட், புற்றுநோய், பல்லில்லாமல் மெல்ல முடியாதது, மனசு சரியில்லாதது, எதுவாகவும் இருக்கலாம். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் சளிப் பரிசோதனையையும் கேளுங்கள். போகும்போது பழைய கிளினிக் கார்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள், அதில் முந்திய எடை எழுதியிருப்பார்கள். இந்தக் கிழமையே போங்கள்.